மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால்: கோர்ட்டுக் கேஸும் ராஜியும் திவால் மனுவை என்ன செய்யும்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரத்தில் இருக்கும் நகரி, புத்தூர் பக்கம் கடன் முற்றிப்போன ஒருவரைப் பற்றி இரண்டு பாஷையில் பேசுவோம். வீட்டுக்குள் தமிழில் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாரு" என்போம். டீக்கடையில் தெலுங்கில் "ஐ.பி. பெட்டேசாடு" என்பார்கள். விஷயம் ஒன்றுதான். ஐ.பி. என்பது இன்சால்வன்சி பெட்டிஷன், திவால் மனு. "என்னிடம் இருப்பது இவ்வளவு, கடன் இவ்வளவு, என்னால் அடைக்க முடியவில்லை, இருப்பதை எடுத்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள்" என்று கடனாளி கோர்ட்டில் போய் நிற்பது.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக இந்த எல்லைப் பகுதியில் பல வருஷம் கட்டுத் தூக்கியவன் நான். வெறும் கடனை மட்டும் சுமந்துகொண்டு ஐ.பி. போட வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லோரும் மஞ்சள் பை நிறையச் சம்மனோடு வருவார்கள். திருத்தணி கோர்ட்டில் ஒரு ஓ.எஸ். (சிவில் வழக்கு), நகரியில் ஒரு செக் கேஸ், யாரோ ஜப்திக்குப் போட்ட ஈ.பி. (டிக்ரியை, அதாவது பணம் கட்டச் சொன்ன தீர்ப்பை, நிறைவேற்றக் கேட்கும் மனு), போன வருஷம் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு தவணையோடு நின்றுபோன ராஜி. பையைக் கவிழ்த்துவிட்டு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, ஐ.பி. போட்டா இதெல்லாம் நின்னுடுமா?" என்பது. அதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. எந்தக் கேஸ், எந்தத் தேதி, யாரோடு என்ன ராஜி என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். அதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எந்தச் சட்டம் என்பதை முதலில் முடித்துவிடலாம். 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தைப் பற்றி டி.வி.யில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அது கம்பெனிகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு 2019 டிசம்பர் 1 முதல் வந்தது. தறி வைத்திருப்பவர், மளிகைக் கடைக்காரர், வாத்தியார் மாதிரியான சாதாரண மனிதர்களுக்கு அதன் தனிநபர் பகுதியை இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. அதனால் ஆந்திரத்திலும், சென்னை நகரம் தவிர்த்த தமிழ்நாட்டிலும் இன்றைக்கும் ஓடுவது 1920-ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டம்தான். சென்னைக்கு 1909 சட்டம். கேரளத்துக்குத் தனியாக 1955-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. வாளையாறு தாண்டி அந்தப் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால் அடிப்படை விஷயங்கள் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் பிரிவு எண்ணை அங்கே உள்ள வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இனி நான் பேசுவது 1920 சட்டத்தைப் பற்றி.

பேச வசதியாக ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். ஏகாம்பரகுப்பத்தில் எட்டு விசைத்தறி வைத்திருக்கிற ஒரு தறிக்காரர். இவர் ஒரு ஆள் இல்லை, நான் பார்த்த பலரின் கஷ்டத்தைச் சேர்த்துத் தைத்த உருவம். பேங்குக்கு 9 லட்சம், தறிகள் அதற்கு அடமானம். திருத்தணி நூல் கடைக்குப் புரோ நோட்டில் 6 லட்சம், அதற்கு அந்த ஊர் கோர்ட்டில் டிக்ரி ஆகிவிட்டது. ஒரு ஃபைனான்ஸுக்கு 4 லட்சம், செக் திரும்பிக் கேஸ் நடக்கிறது. மச்சானிடம் கைமாற்று 3 லட்சம். இதெல்லாம் போதாதென்று, இன்ஷூரன்ஸ் புதுப்பிக்காத அவருடைய மினி வேன் ஒருவர் மேல் மோதி, நஷ்டஈடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்தில் ஒரு மனு.

இவர் ஐ.பி. போடத் தகுதியானவரா? சட்டம் கேட்பது மிகக் குறைவு. கடன் 500 ரூபாய் இருக்க வேண்டும். ஆமாம், 1920-ல் எழுதிய 500. அல்லது பண டிக்ரிக்காகக் கைதாகி இருக்க வேண்டும், அல்லது அப்படிப்பட்ட டிக்ரியில் சொத்து ஜப்தி ஆகி அது நீடிக்க வேண்டும். இங்கேயே கேஸுக்கும் திவாலுக்கும் முதல் முடிச்சு விழுந்துவிடுகிறது. தோற்றுப்போன ஒரு வழக்கே திவால் கோர்ட்டின் கதவைத் திறக்கிறது.

அந்தக் கதவை எதிர்ப்பக்கத்திலிருந்தும் திறக்கலாம். டிக்ரியில் சொத்து ஏலம் போய்விட்டாலோ, "இனி யாருக்கும் பணம் கொடுக்க முடியாது" என்று கடனாளியே நோட்டீஸ் அனுப்பிவிட்டாலோ, அதைச் சட்டம் "திவால் செயல்" என்கிறது. அது நடந்து மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்தவரே இவரைத் திவாலாக்கும்படி மனு போடலாம். கோபத்தில் நாலு பேருக்கு மஞ்சள் நோட்டீஸ் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நோட்டீஸ் போன அன்றே எதிராளி கையில் ஒரு ஆயுதம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மனு போட்டதும் கேஸ் நிற்குமா?

நிற்காது. ஊரில் பரவலாக இருக்கிற தப்பான நம்பிக்கை இதுதான். "ஐ.பி. நம்பர் விழுந்துடுச்சு, இனிமே எவனும் கேக்க முடியாது" என்று நிம்மதியாக வாய்தாவுக்குப் போகாமல் இருந்து, எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது தான் வராமலே தனக்கு எதிரான தீர்ப்பு, வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தில் மூன்று கட்டம் இருக்கிறது. மனு தாக்கல் ஆவது ஒன்று, கோர்ட் அதை ஏற்பது இரண்டு, விசாரித்து "இவர் திவாலானவர்" என்று உத்தரவு போடுவது மூன்று. நடக்கிற வழக்குகளை நிறுத்திவைக்கிற 29-ஆம் பிரிவு மூன்றாவது கட்டத்துக்குத்தான் வேலை செய்யும். திவால் உத்தரவு ஆகிவிட்டது என்று ஆதாரம் காட்டினால், வழக்கு நடக்கிற கோர்ட் அதை நிறுத்திவைக்கும், அல்லது நிபந்தனை போட்டு மேற்கொண்டு நடத்தும். கவனியுங்கள், அந்த உத்தரவின் நகலை யாராவது அந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நகரியில் நடந்தது திருத்தணிக்குத் தானாகத் தெரியாது. புது வழக்கைப் பொறுத்தவரை 28-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. திவால் உத்தரவுக்குப் பிறகு, திவாலில் தயாராகும் கடன் பட்டியலில் வரக்கூடிய கடனுக்காகத் திவால் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் யாரும் புதிதாக வழக்குப் போட முடியாது.

மனு போட்ட நாளுக்கும் உத்தரவு வரும் நாளுக்கும் நடுவில் மாதங்கள் ஓடும், சில சமயம் வருஷங்கள் கூட. அந்த இடைவெளியில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டும். வக்கீல் வைத்துப் பதில் மனு போட வேண்டும். திவால் உத்தரவு வந்துவிட்டால் அது மனு போட்ட தேதியிலிருந்தே அமலானதாகக் கணக்காகும் என்பது ஆறுதல்தான், ஆனால் உத்தரவு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடனை அடைக்க வழியில்லை என்று முதல் பார்வைக்குக்கூடக் காட்ட முடியாமல் மனு தள்ளுபடி ஆனால், வாய்தாவுக்குப் போகாமல் விட்ட கேஸ்கள் எல்லாம் டிக்ரியாகி நிற்கும்.

ஜப்தி யாருக்கு?

நூல் கடைக்காரர் டிக்ரி வாங்கி, அதைத் திருத்தணியிலிருந்து ஆந்திரக் கோர்ட்டுக்கு மாற்றி, தறிக்காரரின் காலி மனையை ஜப்தி செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனை இனி அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 51-ஆம் பிரிவின்படி, திவால் மனுவைக் கோர்ட் ஏற்ற தேதிக்கு முன்னால் ஏலம் நடந்து பணம் வந்திருந்தால்தான் அது டிக்ரிதாரருக்கு. வெறும் ஜப்தியோடு நின்றிருந்தால், திவால் உத்தரவுக்குப் பின் மனை எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ஏலம் நடக்கும் முன்பே மனு ஏற்கப்பட்ட விஷயத்தைச் சொல்லி விண்ணப்பித்தால், சொத்தை ரிசீவரிடம், அதாவது திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமிப்பவரிடம், ஒப்படைக்க நிறைவேற்றும் கோர்ட் உத்தரவிடும். டிக்ரி வாங்கியவர் செய்த கோர்ட்டுச் செலவு மட்டும் அந்தச் சொத்தின் மேல் முதல் பாத்தியமாக நிற்கும்.

இது எனக்குப் பிடித்த பிரிவு. வசதி உள்ளவர் நல்ல வக்கீல் வைத்து முதலில் ஓடி வந்துவிடுகிறார். வாராவாரம் கூலியில் மிச்சம் பிடித்து இரண்டாயிரம், மூவாயிரமாகக் கைமாற்றுக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மா கடைசியில் வருகிறார். திவால் சட்டம் அந்த ஓட்டப்பந்தயத்தை நிறுத்தி எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைக்கிறது. பேங்க் மாதிரி சொத்தை அடமானமாகப் பிடித்து வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த வரிசைக்கு வெளியே இருக்கிறார்கள். அந்த எட்டுத் தறியை எடுக்க பேங்குக்கு இருக்கிற உரிமையை ஐ.பி. தொடாது.

சில பொருள்களை யாருமே எடுக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் தொழில் கருவி இவற்றை ஜப்தியிலிருந்து காப்பாற்றுகிறது. ஜப்திக்குத் தப்பியது திவாலுக்கும் தப்பும். தாலியைக் கேட்டு யாராவது வாசலில் நின்றால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் கைது பயம். பண டிக்ரிக்காக வாரண்ட் வாங்கி ஜெயிலில் வைக்க இன்னும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெண்களை இப்படிக் கைது செய்ய முடியாது. ஆண்களையும் நினைத்தபடி அடைத்துவிட முடியாது. 1980-ல் பேங்க் ஆஃப் கொச்சின் சம்பந்தப்பட்ட ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, வசதியில்லாததால் கட்ட முடியாமல் போனவரைச் சிறையில் வைக்கக் கூடாது, கெட்ட எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று நிலைநாட்டியது. கைதாகிக் கோர்ட்டுக்கு வந்துவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. "நீ திவால் மனு போடலாம்" என்று அந்த நீதிபதியே கடனாளியிடம் சொல்ல வேண்டும் என்கிறது அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. ஒரு மாதத்துக்குள் ஐ.பி. போடுகிறேன் என்று பிணை கொடுத்தால் அவரை விடுவிக்கலாம். இந்த ஒரு பிரிவு தெரியாமல் வட்டிக்கு மேல் வட்டி வாங்கி வாரண்டை அடைத்தவர்கள் எத்தனையோ பேர்.

செட்டில்மெண்ட் என்ற ஒரு சொல், இரண்டு வினை

நம் ஊரில் செட்டில்மெண்ட் என்றால் இரண்டு விஷயம். வழக்கில் எதிராளியோடு செய்துகொள்ளும் ராஜி ஒன்று. வீட்டையோ நிலத்தையோ மனைவி, மகன் பேருக்கு எழுதிவைக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் இன்னொன்று. கஷ்டம் வரும்போது ஜனங்கள் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். ஐ.பி.யில் இரண்டும் கேள்விக்கு வரும்.

பத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்காமல் பிள்ளை பேருக்கு எழுதிவைத்து, அதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் ஐ.பி. மனு வந்து திவால் உத்தரவும் ஆகிவிட்டால், ரிசீவர் கேட்டுக் கோர்ட் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். 53-ஆம் பிரிவு. நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கிய மூன்றாம் மனிதருக்கு இந்தப் பயம் இல்லை.

ராஜிதான் நுணுக்கமான இடம். அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

தறிக்காரருக்கு ரொம்பத் தொல்லை கொடுப்பவர் ஃபைனான்ஸ்காரர். தினமும் போன், வாசலில் ஆள். அதனால் மனையை விற்று வந்த 4 லட்சத்தை அப்படியே அவருக்குக் கொடுத்து ராஜி செய்துவிட்டு, அடுத்த மாதம் மற்றவர்களுக்கு ஐ.பி. போடலாம் என்று நினைக்கிறார். இது எல்லோருக்கும் வரும் யோசனை. சட்டம் 54-ஆம் பிரிவில் இதற்காகவே காத்திருக்கிறது. கடனை அடைக்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவர், மற்றவர்களை விட்டுவிட்டு ஒரு ஆளுக்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்தோடு கொடுத்த பணம், எழுதிய பத்திரம், ஏற்ற பொறுப்பு, ஏன், வேண்டுமென்றே எதிர்க்காமல் விட்டுக்கொடுத்த வழக்குகூட, மூன்று மாதத்துக்குள் ஐ.பி. மனு வந்து திவாலானால் ரிசீவருக்கு எதிராகச் செல்லாது. வாங்கியவரிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

மச்சானுக்கு இது இன்னும் ஆபத்து. "நீ என் மேல கேஸ் போடு, நான் ஒத்துக்கிறேன், டிக்ரி வாங்கி மனையை எடுத்துக்கோ" என்று உறவுக்குள் பேசிவைத்துப் போடும் வழக்கு இந்தப் பக்கம் புதிதில்லை. கோர்ட் முத்திரை விழுந்துவிட்டால் யாரும் கேட்க முடியாது என்று நினைக்கிறார்கள். அந்த வரிக்குள் வழக்கும் அடங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணம் என்ற சொல் முக்கியம். ஜெயிலுக்குப் பயந்து, வேறு வழியில்லாமல் செக் கேஸில் கொடுத்த பணத்தைத் "தானாக விரும்பி ஒருவரைத் தூக்கிவிட்டேன்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என வாதாட இடம் இருக்கிறது. அதனால் எந்தச் சூழ்நிலையில் கொடுத்தீர்கள் என்பதற்கான தாள்களை வைத்திருங்கள். வாரண்ட் நகல், நோட்டீஸ், போனில் வந்த மெசேஜ் எல்லாம்.

பெரிய கம்பெனி விஷயத்திலும் இதே நியாயம்தான் பேசுகிறது. 2024-ல் பைஜூஸ் நிறுவனத்தின் மேல் கிரிக்கெட் வாரியம் போட்ட திவால் மனு, சுமார் 158 கோடி ரூபாய்க்கு இருவரும் ராஜியானதால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் முடித்துவைக்கப்பட்டது. மற்றக் கடன்தாரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்து, பணத்தைக் கடன்தாரர் குழுவின் கணக்குக்கு மாற்றச் சொன்னது. அங்கே சட்டம் வேறு, தொகை வேறு. ஆனால் திவால் நடவடிக்கை தொடங்கிய பிறகு இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசி முடித்துவிட முடியாது என்பது ஏகாம்பரகுப்பத்துத் தறிக்காரருக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் ராஜியே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. சில ராஜிகள் கடனாளிக்குப் பெரிய நன்மை செய்யும். அதில் ஒன்று யாருக்குமே தோன்றாதது, அந்த வேன் விபத்து.

எவ்வளவு என்று இன்னும் முடிவாகாத நஷ்டஈடு, அதுவும் ஒப்பந்தத்தாலோ நம்பிக்கை மோசத்தாலோ வராத நஷ்டஈடு, ஐ.பி.யில் கடனாகச் சேராது. 34-ஆம் பிரிவு. சேராத கடன் திவாலில் பங்கு வாங்காது, ஆனால் விடுதலை (பட்டியலில் உள்ள கடன்களிலிருந்து கோர்ட் கடைசியில் விடுவிப்பது) கிடைக்கும்போது கரைந்தும் போகாது. தறிக்காரர் எல்லாவற்றிலிருந்தும் மீண்டு வந்து ஒரு தறி வாங்கிப் போடும் நேரத்தில், விபத்துத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்து வாசலில் நிற்கும். ஆனால் திவால் உத்தரவுக்கு முன்பே அடிபட்டவர் குடும்பத்தோடு நேர்மையாக உட்கார்ந்து பேசி, "3 லட்சம்" என்று ஒரு தொகை முடிவாகி உத்தரவும் ஆகிவிட்டால், அது நிலையான கடன். பட்டியலில் சேரும். அடிபட்டவருக்கும் சொத்துப் பங்கீட்டில் ஒரு பாகம் கிடைக்கும், இவருக்கும் ஒரு முடிவு தெரியும். இதை அடிபட்டவரை ஏமாற்றும் தந்திரமாகச் சொல்லவில்லை. கையில் ஒன்றுமே இல்லாதவர் மேல் பத்து வருஷம் கேஸ் நடத்தி அந்தக் குடும்பமும் சோர்ந்துபோவதை விட, இருப்பதில் ஒரு பங்கை இன்றே வாங்குவது அவர்களுக்கும் நல்லது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது நன்மை ஜாமீன்தாரருக்கு. கடனாளிக்குத் திவாலில் விடுதலை கிடைத்தாலும், அவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கு விடுதலை கிடையாது. கடன் முழுவதும் அவர் தலையில் விழும். சிநேகிதனுக்காகக் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ராஜியில் நிலைமை வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் கொடுத்தவர் கடனாளியோடு ராஜி செய்துகொண்டாலோ, அவகாசம் தருவதாக ஒப்பந்தம் போட்டாலோ, ஜாமீன்தாரர் விடுபடுகிறார். அதனால்தான் விவரம் தெரிந்த ஃபைனான்ஸ்காரர்கள் ராஜிப் பத்திரத்தில் ஜாமீன்தாரரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். உங்களை அப்படிக் கூப்பிட்டால், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

மூன்றாவது, ராஜியின் வாசகம். திவாலில் விடுதலை உத்தரவு வந்தால் பட்டியலில் சேர்ந்த கடன்கள் தீரும். தீராதவை என்று சட்டம் சிலவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறது. அரசாங்கத்துக்குத் தரவேண்டிய பாக்கி, ஏமாற்றி வாங்கிய கடன், மனைவி பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் ஆகியவை. இதில் ஏமாற்று என்பதைப் பாருங்கள். அவசரத்தில் எதிராளி வக்கீல் தட்டச்சு செய்து கொண்டுவந்த ராஜியில் "மோசடி எண்ணத்தோடு வாங்கியதை ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். உண்மையில் தொழில் நொடித்துப்போனதால் கட்டாமல் விட்டவர், படிக்காமல் அதில் கையெழுத்துப் போடுகிறார். பிறகு அந்தக் கடன் சாகும்வரை தீராது என்று வாதாட அந்த ஒரு வரி போதும். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். தெலுங்கில் எழுதியிருந்து உங்களுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாவிட்டால், ஒருவரை உட்காரவைத்து வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பேசத் தெரிவது வேறு, படிக்கத் தெரிவது வேறு. நம் எல்லையில் இந்தக் குழப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அதிகம்.

லோக் அதாலத்தில் முடிந்த ராஜியையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டப்படி அது சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. செக் கேஸில் லோக் அதாலத் போட்ட ராஜியையும் சிவில் டிக்ரி மாதிரியே நிறைவேற்றலாம் என்று கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தவணை தவறினால் நேராக ஜப்திதான். புரோ நோட்டுக்குக் காலக்கெடு மூன்று வருஷம், டிக்ரிக்குப் பன்னிரண்டு வருஷம். ஆக, ராஜியில் கையெழுத்துப் போடும்போது கடனின் ஆயுளையும் நீட்டிக் கொடுக்கிறீர்கள். கட்டவே முடியாத தவணைக்கு ஒப்புக்கொள்வதை விட, முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வருவது மேல்.

எல்லோரோடும் சேர்த்துச் செய்யும் ராஜி ஒன்றும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. திவால் உத்தரவுக்குப் பிறகு "ரூபாய்க்கு நாற்பது பைசா வீதம் எல்லோருக்கும் தருகிறேன்" என்பது போன்ற ஒரு திட்டத்தைக் கடனாளி வைக்கலாம். கடனை நிரூபித்தவர்களில் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டோரும், தொகையில் முக்கால் பங்குக்காரர்களும் ஒப்புக்கொண்டு, கோர்ட்டும் சரி என்றால், ஒப்புக்கொள்ளாதவரையும் அது கட்டுப்படுத்தும். 38-ஆம் பிரிவு. இதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். தறி ஓடிக்கொண்டிருந்தால்தான் நாற்பது பைசாவாவது வரும்.

செக் கேஸ்

இது பண வழக்கு மாதிரி தெரிந்தாலும் கிரிமினல் வழக்கு. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். திவால் உத்தரவு வந்துவிட்டது என்பதற்காக இது நிற்காது. புதிய சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்குக்கூட, மனு போட்டதும் கிடைக்கும் இடைக்காலத் தடை செக் கேஸை நிறுத்தாது என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ராஜியாக முடித்துக்கொள்ள சட்டமே அனுமதிக்கிற வழக்கு இது. ஆனால் அந்த ராஜிப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் திவால் கோர்ட் பார்க்கும். தறிக்காரரின் மனையை விற்ற பணம் என்றால் 54-ஆம் பிரிவுக் கேள்வி வரும். அவருடைய சம்சாரத்தின் அண்ணன் தன் சொந்தப் பணத்தில் கட்டினால் அந்தக் கேள்வி வராது, ஏனென்றால் மற்றவர்களுக்குச் சேரவேண்டிய சொத்து எதுவும் குறையவில்லை.

நீங்கள் போட்ட கேஸ்

திவாலாகிறவருக்கும் வரவேண்டிய பணம் இருக்கும். தறிக்காரருக்கு ஒரு ஜவுளி வியாபாரி 2 லட்சம் பாக்கி, அதற்கு இவர் கேஸ் போட்டிருக்கிறார். திவால் உத்தரவு ஆனதும் அந்தக் கடன் ரிசீவருக்குப் போய்விடுகிறது. வழக்கை நடத்துவதா, ராஜி செய்வதா என்பது இனி அவர் முடிவு. இவர் தனியாகப் போய் அந்த வியாபாரியிடம் 80 ஆயிரம் வாங்கிக்கொண்டு முடித்துவிட்டால் அது குற்றமாகப் போகும். சொத்தை மறைப்பதற்கு ஒரு வருஷம் வரை சிறை உண்டு. வெறும் நஷ்டஈடு கேட்கும் உரிமை, அதாவது இன்னும் தீர்ப்பாகாதது, ஜப்திக்கு உட்படாது, அதனால் ரிசீவருக்கும் போகாது. ஆனால் விடுதலை கிடைப்பதற்கு முன்னால் அதில் பணம் வந்து கையில் சேர்ந்தால், அந்தப் பணம் புதிதாகக் கிடைத்த சொத்து. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எந்த ஊர் கோர்ட்?

திருத்தணி 1960-ல் தமிழ்நாட்டுக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. கொடுக்கல் வாங்கல் மட்டும் கோட்டைப் பார்க்கவில்லை. கடன் திருத்தணியிலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் இருக்கும், வீடும் தறியும் ஏகாம்பரகுப்பத்தில். ஐ.பி. போட வேண்டியது கடனாளி வழக்கமாகக் குடியிருக்கும், தொழில் செய்யும் இடத்துக் கோர்ட்டில். ஆகவே ஆந்திரத்தில்தான். தமிழ்நாட்டுக் கடன்தாரர்கள் இங்கே வந்து கடனை நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் மனு போட்டால், எதிராளி முதல் ஆட்சேபணையாக இதைத்தான் எடுப்பார்.

திவால் உத்தரவோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்து ஊருக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. விடுதலைக்கு விண்ணப்பிக்கக் கோர்ட் ஒரு காலக்கெடு வைத்திருக்கும். அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகும். பழைய டிக்ரிகள் எல்லாம் மறுபடி உயிர் பெறும். விடுதலை வாங்காத திவாலானவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ தேர்ந்தெடுக்கப்படவும் முடியாது.

முதல் நாள் வக்கீலிடம் போகும்போது சம்மன் வந்த எல்லாக் கேஸையும், போன இரண்டு வருஷத்தில் எழுதிய எல்லாப் பத்திரத்தையும், போன மூன்று மாதத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் எடுத்துக்கொண்டு போங்கள். மச்சானுக்குக் கொடுத்ததை முதலில் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.